இலை ஓரத்து ஏலக்காய்

ஐம்பத்தாறாம் வருசம் மெட்ராஸ் பார்க்கப் போன அன்னக்கொடிக்கு எந்த ஓட்டல் பண்டமும் பிடிக்கவில்லை. போடி ஏலக்காய்க் கடையில் பத்து வருசமாய்க் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறவள் அவள். கிளப்புக் கடைக் கேசரியையும் ஈரானிக் கடை டீயையும் வாயில் வைத்ததுமே, "காயில வாசமே இல்ல" என்று தள்ளிவிட்டாள். மூன்றாம் நாள் மிலிட்டரி ஓட்டல் பிரியாணியில் கிடந்த ஏலக்காய்களை நகத்தால் பிளந்து, இலை ஓரத்தில் வரிசையாக வைத்தாள். உள்ளே ஒரு விதைகூட இல்லை.

"என்னம்மா, போடியிலிருந்து வந்த முதல்தரக் காயைப் போய் ஒதுக்குறீங்க?" என்றார் முதலாளி.

புருசன் காசிமாயன் இலையைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"போடிக் காயிதேன்," என்றாள் அன்னக்கொடி. "சோடையின்னு நான் கழிச்சு விட்டது. அதை இம்புட்டுத் தொலவு வரவச்சு எனக்கே எலையில வைக்கிறீக."