மூன்றாம் அறைக் கதவு

ஊர் எதைப் பேசுகிறதோ அதை வலைப்பதிவுகளிலிருந்து வாரிக்கொண்டு வந்து ஒரே பக்கத்தில் கொட்டுகிற தளம் அது. கொட்டியதைத் தரம் பிரிப்பது அவள் வேலை. ஒரே சங்கதியைப் பலபேர் எழுதியிருந்தால் எல்லாவற்றையும் ஒரு தலைப்பில் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கட்டியதும் புதுசு பழசுக்கு அடியில் போய்விடும். அதன் தேதியை எவரும் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்பு சூளையில் செங்கல் அடுக்கியவள். அந்த வேகம் விரலில் இன்னும் மிச்சமிருந்தது. அலுவலகத்தில் அவள் பெயரே கட்டுக்காரி.

அவள் கட்டியதிலேயே பெரிய கட்டு குளிர்கிடங்குப் பேய். போன வருஷம் இறைச்சிப் பெட்டி அடுக்கப் போன ஒருவன் மூன்றாம் அறைக்குள் மாட்டிக்கொண்டு விறைத்துச் செத்தான். கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. கிடங்கு முதலாளி அதை மாற்றவேயில்லை. பிறகு உள்ளிருந்து தட்டும் சத்தம் வருவதாக, கிடங்குக்கு எதிரே டயர் ஒட்டுகிறவர் தன் வலைப்பதிவில் எழுதினார். சத்தம் வரும்போதெல்லாம் எழுதினார். அவளும் கட்டினாள். ஜனம் விழுந்து விழுந்து படித்தது.

அவள் கணவனுக்கும் அதே கிடங்கில்தான் வேலை. "பேய்னா சும்மா தட்டிட்டே இருக்கணுமா? வந்து ரெண்டு பெட்டி தூக்கக்கூடாதா?" என்பான்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் டயர்க்காரரின் புதுப் பதிவு வந்திருந்தது: 'மூணாம் அறையில் மறுபடியும்.' பார்த்தவுடன் பழைய கட்டோடு சேர்த்தாள். பக்கத்து மேசைச் சோடாபுட்டி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, உங்க பேய் மறுபடி முதலிடம் போயிடுச்சு. அதுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பதிவோடு வந்த படத்தில், மூடிய கதவுக்கு வெளியே ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன் இருக்கையில் சுற்றியிருந்தது அவளுடைய பழைய பச்சைப் பாவாடைத் துணி. காலை முறை வேலை முடிந்து கணவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருக்க வேண்டிய நேரம் அது.

அவனுக்குப் போன் அடித்தாள். இணைப்பு போகவில்லை. டயர்க்காரருக்கு அடித்தாள்.

"அண்ணே, அந்தக் கதவத் தொறங்க."

"என்னம்மா வெளயாடறீங்களா? அது பேயும்மா. உங்க தளத்துல நீங்கதான அப்படிப் போட்டிருக்கீங்க."

"நான்தாண்ணே போட்டேன். தொறங்க. உள்ள என் வீட்டுக்காரர் இருக்காரு!"

எதிர்முனையில் அவர் ஓடுவது கேட்டது. அதற்கும் மேலாகத் தட்டும் சத்தம், நிதானமாக, ஓங்கி. இரும்பு நெம்புகோல் கிறீச்சிட்டது. கதவு திறந்த நொடியில் தட்டல் நின்றது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் வெயிலில், சாக்குகளுக்குள் சுருண்டிருந்தான். உதடு நீலமாக இருந்தது. உயிர் இருந்தது. அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை விடாம தட்டுனீங்க."

அவன் பல் கிடுகிடுத்தது. "நான் எங்க தட்டுனேன்? கால் மரத்துப் போய் கடைசி வரிசைப் பெட்டிக்குப் பின்னாடி விழுந்துட்டேன். ரெண்டு கையும் கக்கத்துலதான் இருந்துச்சு."

டயர்க்காரர் மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தார். உள்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. நெஞ்சு உயரத்தில் மட்டும், ஒரு முஷ்டி அளவுக்கு, பனி உதிர்ந்து தகரம் தெரிந்தது.

மறுநாள் அவனை வீட்டில் படுக்கவைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். பிற்பகலில் டயர்க்காரர் பதிவு மேலே வந்தது. அதே தலைப்பு.

"கட்டும்மா. ஏன் கை நிக்குது? கூட்டம் வர்ற நேரம்," என்றார் தளத்தின் முதலாளி.

அவள் கட்டவில்லை. போனை எடுத்தாள்.

"அண்ணே, எழுதினதெல்லாம் இருக்கட்டும். தொறந்து பாத்தீங்களா? இன்னிக்கு உள்ள யாரு?"