அதே ஈரத்துணி

வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டினேன். மிளகாய்ப்பொடி போல ஏழெட்டுப் புள்ளிகள் விழுந்தன. பொடி என்றால் கிடக்க வேண்டும்தானே? அவை நடந்தன.

சிவப்புச் சிலந்திப்பேன். அதுவும் யார் வீட்டில்? லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்துக்கே ஆர்க்கிட் வைத்தியர் என்று பெயர் வாங்கிய இந்தச் செந்தில்நாதன் வீட்டில். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் வெளுத்திருந்ததை டிசம்பரிலேயே பார்த்தேன். பனிக்கால வெயில் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் செடிக்குப் பூச்சி வருமா? என்ன கொழுப்பு!

நான் பதறியது என் செடிகளை நினைத்து அல்ல, மேல்வீட்டு வங்காளி அண்ணன் தேபாஷிஷ் தாதாவின் ஒன்பது செடிகளை நினைத்து. சிகிச்சைக்காக அவரும், அண்ணி முறைக்கு நாங்கள் பௌதி என்று கூப்பிடும் அவர் மனைவி மஞ்சரியும் நவம்பர் கடைசியில் வேலூர் போயிருந்தார்கள். கிளம்பும்போது பௌதி சாவியைக் கொடுத்துக் கேட்டது ஒன்றுதான், இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்க வேண்டும். துடைக்கச் சொல்லவேயில்லை. நான்தான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே! என் செடிகளைத் துடைத்த அதே ஈரத்துணியோடு மாடியேறி, அவற்றையும் இலை இலையாகத் துடைத்தேன். பளபளவென்று போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் தாதா அதைக் காட்டுகிறார் என்று பௌதி எழுதியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது தாளைக் கசக்கிக்கொண்டு மேலே ஓடினேன். ஒன்பதில் ஏழு வெளுத்திருந்தன. மொட்டுக் காம்புகளில் நூலாம்படை. சோப்புத் தண்ணீர் அடித்தேன், கடையில் கொடுத்த மருந்தையும் அடித்தேன். மொட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல நாக்கூசுகிறது. பழைய போட்டோக்களையே நாளுக்கு ஒன்றாக அனுப்பினேன்.

மனைவி நீலாவதி ஒருநாள் போனைப் பார்த்துவிட்டாள்.

“சீக்காளி மனுஷனப் போய் ஏமாத்துறீங்களே, வெக்கமா இல்ல?”

இருந்தது. வெட்கமாக இருந்ததால்தான் அனுப்பினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். சாவியை நீலாவதி கையில் கொடுத்தனுப்பிவிட்டு நான் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் காலையில் மணி அடித்தது. பௌதிதான். ரொம்ப இளைத்திருந்தாள். வரட்டும், நாலு வார்த்தை கேட்கட்டும், எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் வாசலுக்குப் போனேன்.

அவள் வங்காளியில் கடகடவென்று பேசினாள். “உங்க ஜன்னல்லயும் பார்த்தேன். உங்க செடியும் எங்களாலதான் போச்சு. போறதுக்கு முன்னாடி காலிம்போங்லேருந்து ரெண்டு செடி வாங்கினோமில்ல, அதுலதான் பூச்சி வந்திருக்கு. நாங்க வருத்தப்படக் கூடாதுன்னுதானே பழைய போட்டோவாவே அனுப்பிட்டிருந்தீங்க. அவர் ராத்திரி பூரா தூங்கல. ‘பாவம், உதவி பண்ண வந்த மனுஷனுக்கு நம்ம சீக்கை ஒட்ட வெச்சிட்டோம்’னு ஒரே புலம்பல்.”

பிறகு, வேலூர் லாட்ஜில் பொறுக்கிக்கொண்ட தமிழில், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிச் சொன்னாள். “மன்னிச்சிடுங்க அண்ணா.”

“பரவாயில்ல பௌதி” என்றேன்.

ஐயோ, அந்தப் பாழாய்ப்போன வாய்! எனக்கு முன்னால் அது முந்திக்கொண்டது. பின்னால் நின்ற நீலாவதி, “என்னங்க…” என்றாள்.

வாசலில் இரண்டு பெரிய பாலிதீன் பைகள் இருந்தன. ஒன்பது செடிகளையும் வேரோடு பிடுங்கிக் கட்டியிருந்தாள். நன்றாக இருந்த இரண்டையும்கூட. என் வீட்டுக்கு மறுபடி பரவிவிடக் கூடாது என்று தாதாதான் சொன்னாராம். தெருவில் கார்ப்பரேஷன் குப்பைவண்டியின் விசில் கேட்டது. அவள் குனிவதற்குள் நான் பைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அவள் முகத்திலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

வண்டியருகே போய் நின்று, எதற்கென்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது மாடி வராந்தாவில், காதை மூடிய குரங்குக்குல்லாயோடு தாதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினார்.

பதிலுக்குக் கும்பிட என் கைகள் காலியாக இல்லை. வண்டிக்காரர் பையை வாங்கக் கை நீட்டினார். நான் விடவில்லை. அவர் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மேலே, தாதா கூப்பிய கைகளை இன்னும் இறக்கவில்லை.