எழுந்திருக்க மாட்டேன்

மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே பள்ளியிலிருந்து போன் வந்தது. அப்போது நான் ஒரு லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று இரும்புக் கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை முழுக்க கிரீஸ். மறுகையால் எடுத்தேன்.

"உங்க பொண்ணு கிளாஸ்ல எழுந்திருக்க மாட்டேங்கறா சார்," என்றது பள்ளி அலுவலகத்துக் குரல்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. அறிவியல் டீச்சர் உள்ள வந்தா எல்லாரும் எழுந்து நிக்கறாங்க, இவ மட்டும் உட்கார்ந்தே இருக்கா. நாளைக்குக் காலையில தலைமையாசிரியை உங்களைப் பார்க்கணுமாம். அவளையும் கூட்டிட்டு வாங்க."

வருகிறேன் என்றேன். மனைவி இறந்த பிறகு யார் எங்கே கூப்பிட்டாலும் போய்விடுகிறேன். மறுப்பதற்கு மனதில் வேறு ஏதாவது விருப்பம் இருக்க வேண்டும். எனக்கு இருக்கவில்லை.

அந்த நடுநிலைப் பள்ளியில்தான் என் மனைவி அறிவியல் டீச்சராக இருந்தாள். ஆறு, ஏழு, எட்டு மூன்றிலும் 'ஏ' பிரிவுக்கு அவள். கீழ்த்தளத்தின் கோடியில் இருக்கும் ஆய்வக அறைதான் அவள் வகுப்பு. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். அவ்வளவுதான்.

மகள் தொடக்கப் பள்ளியை வேறு இடத்தில் முடித்தாள். பெரிய பள்ளிக்கூடத்துக்கு வரப்போகும் நாளுக்காக அம்மாவும் பெண்ணும் பல மாதங்களாகத் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே ஆட்டோவில் போவது. வாசலில் இறங்கியதும் முன்பின் தெரியாதவர்கள் போல நடப்பது. வகுப்பில் வாய் தவறி 'அம்மா' என்று கூப்பிட்டால் வெளியே நிற்பது. அந்தத் திட்டத்தில் என் பங்கு ஆட்டோவுக்குக் கையாட்டுவது மட்டும்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மிளகு," என்றேன். அவள் அம்மா வைத்த பெயர். பார்க்கச் சின்னது, கடித்தால்தான் தெரியும் என்பாள். "ஏன் எழுந்திருக்கல?"

"உனக்கே தெரியும்."

தெரியும். அந்த அறையில் பெஞ்சும் மேசையும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டவை. ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடும். மணி அடித்ததும் பிள்ளைகள் தராசுகளை எடுத்து வைத்து எடை போட்டு எழுத ஆரம்பித்துவிட வேண்டும், தான் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பது என் மனைவியின் முறை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் உள்ளே நுழைந்தாள். அத்தனை பேரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். தராசுகள் எல்லாம் ஆடி, இரண்டு கண்ணாடிக் குடுவை உடைந்து, வினிகர் வழிந்தது. அன்றே சட்டம் போட்டாள். இந்த அறையில் எனக்காக எவரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தவர் எல்லா எடையையும் முதலிலிருந்து போட வேண்டும்.

இதற்கு ஒரு துணைச் சட்டமும் உண்டு. தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் மட்டும் எழுந்து விறைப்பாக நிற்க வேண்டும். "இல்லன்னா என் வேலை போயிடும்டா பசங்களா." இதை அவள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நடித்துக் காட்டி, மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கிறது.

"அது அம்மா கிளாஸ்ல இருந்த பழக்கம்," என்றேன். "இப்ப டீச்சர் வேற."

"ரூம் அதேதான்."

"புது டீச்சருக்கு அது எப்படித் தெரியும்?"

"அவங்களுக்குத் தெரிய வேண்டாம். எட்டாங்கிளாஸ் அண்ணன்களுக்குத் தெரியும்ல? அம்மாகிட்ட ரெண்டு வருஷம் படிச்சவங்க. புது டீச்சர் நுழைஞ்சதும் தடதடன்னு எழுந்து வணக்கம் வச்சாங்களாம். வெட்கங்கெட்டவங்க."

"நீ அவங்ககிட்டயே கேட்டியா?"

"கேட்டேன். 'அதெல்லாம் பழைய டீச்சரோட முடிஞ்சு போச்சு பாப்பா'ங்கறான் ஒருத்தன். யார்கிட்ட சொல்றான் பாரு."

டேப்பைப் பல்லால் கடித்து, அட்டையின் மடிப்பில் அழுத்தி ஒட்டினாள்.

"தலைமையாசிரியைகிட்ட விஷயத்தைச் சொல்லிடலாமே. இப்படி ஒரு பழக்கம் இருந்துச்சுன்னு."

அவள் கை நின்றது. "சொன்னா என்ன ஆகும்? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாம ஏமாத்தியிருக்காளான்னு அம்மாவைத் திட்டுவாங்க. அம்மாவால திருப்பிப் பதில் சொல்ல முடியுமா? நீ மட்டும் சொன்ன, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்."

"அப்போ நான் வந்து என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா உட்கார்ந்திரு. உனக்குத்தான் அது நல்லா வருமே."

போய் அரிசி களைந்தேன்.

மனைவியின் அண்ணன் போன் செய்தார். பேக்கரி வைத்திருப்பவர். எங்கள் வீட்டு விஷயம் எதுவும் அவரைத் தாண்டிப் போவதில்லை. கையில் ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்ள, பிடிவாதம் அப்படியே அவங்க அம்மா. நீங்க இடம் கொடுக்காதீங்க. ஒரு சாரி. ரெண்டே எழுத்து. சொல்லிட்டு வரச் சொல்லுங்க."

"சரி மச்சான்."

கூடத்திலிருந்து குரல் வந்தது. "மாமா, முட்டை போட்ட கேக்கை முட்டையில்லாத கேக்குன்னு வித்தீங்களே, அதுக்கு யார்கிட்டயாவது சாரி கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிக்ஸர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஸ்பீக்கர்ல போடாதீங்கன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது மாப்ள," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறை. கண்ணாடி போட்ட மேசை, அதன் கீழே பழைய ஆண்டுவிழாப் படங்கள். அவர் கனத்த உடம்புக்காரர், கெட்டவர் அல்ல. என் மனைவி இறந்த அன்று முதலில் வந்து, கடைசியில் போனவர்.

"உட்காருங்க," என்றார். இருவரும் உட்கார்ந்தோம். "எனக்கே இது கஷ்டமாத்தான் இருக்கு சார். உங்க மனைவி இருந்தவரைக்கும் அந்த அறையைப் பத்தி நான் கவலையே பட்டதில்ல. நான் வாசல்ல போய் நிப்பேன். ஒரே சத்தம். மொத்தக் கிளாஸும் ராணுவம் மாதிரி எழுந்து நிக்கும். அப்படி ஒரு ஒழுக்கத்தை நான் வேற எங்கயும் பார்த்ததில்ல. அவங்க பொண்ணு இப்படிப் பண்ணலாமா?"

என் நெஞ்சிலிருந்து ஏதோ தொண்டைக்கு ஏறியது. அழுகை என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. இருமி அடக்கினேன். மேசைக்கு அடியில் மகள் என் ஷூவை மிதித்தாள். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

புது டீச்சர் வந்தார். சின்ன வயது. முந்தானையில் சாக்பீஸ் தூள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், யாரோ எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள் என்பது போல.

"விஷயத்தை நீட்ட வேண்டாம்," என்றார் தலைமையாசிரியை. "பொண்ணு டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். நாளையிலேருந்து எல்லாரையும் போல எழுந்து நிக்கணும். இல்லன்னா இன்னிக்கே 'பி' பிரிவுக்கு மாத்திடறேன். அது மாடியில. அங்க வேற டீச்சர். ஆய்வகம் கிடையாது, ஆனா பாடம் ஒண்ணுதான்."

மகளின் முகம் மாறியது. அவள் எதற்கும் தயாராக வந்திருந்தாள், இதைத் தவிர. அடியோ, வெளியே நிற்பதோ, எதுவானாலும் அந்த அறை மிஞ்சும் என்று நினைத்திருந்தாள். இப்போது அந்த அறையையே எடுக்கிறார்கள்.

எழுந்து நின்றாள்.

"சாரி டீச்சர். நீங்க ஸ்டாஃப் ரூம்ல போய் அழுதீங்கன்னு சொன்னாங்க. அதுக்கு நிஜமாவே சாரி."

"நல்ல பொண்ணு," என்றார் தலைமையாசிரியை. "நாளையிலேருந்து?"

"நாளைக்கும் எழுந்திருக்க மாட்டேன் மேடம்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ சாரி எதுக்கு?"

"டீச்சர் அழுததுக்கு."

"எழுந்திருக்காததுக்கு?"

"அதுக்கு இல்ல."

"ஏன் எழுந்திருக்க மாட்டே? காரணம் சொல்லு."

மகள் வாயைத் திறக்கவில்லை. தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்க சார். படிச்சவங்க நீங்க."

உண்மை நாக்கு நுனியில் இருந்தது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குறுகியிருந்தது. நான் சொல்லிவிடுவேன் என்றே அவள் முடிவு செய்துவிட்டாள். யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடும் ஆளுடன்தானே இத்தனை மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறாள்.

"நான்தான் சொன்னேன்," என்றேன். "எழுந்திருக்காதேன்னு."

மகள் தலை நிமிர்ந்தது.

"நீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "அது எங்க வீட்டு விஷயம். சொல்றதா இல்ல."

"டீச்சருக்கு மரியாதை கொடுக்காதேன்னு சொல்ற அப்பாவை நான் இப்பதான் பார்க்கறேன்."

"மரியாதை கொடுக்காதேன்னு சொல்லல. வீட்டுப்பாடம் செஞ்சிருக்காளா பாருங்க. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றாளா பாருங்க. குறைஞ்சா அவளை என்ன வேணா கேளுங்க. எழுந்திருக்கறது மட்டும் கிடையாது."

"அப்போ 'பி' பிரிவுதான்."

"அனுப்ப மாட்டேன்."

"அதை முடிவு பண்ற ஆள் நான் சார்."

"பண்ணுங்க. நாளைக்குக் காலையில நான் அவளைக் கொண்டுவந்து கீழ்த்தளத்துக் கோடி அறையிலதான் விடுவேன். நீங்க மாடிக்கு அனுப்புங்க. அதுக்கு மறுநாளும் அங்கதான் விடுவேன். தினமும் விடுவேன். எனக்கு வேற வேலை இல்ல."

குரல் எனக்கே புதிதாக இருந்தது. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தலைமையாசிரியை என்னை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார். துக்க வீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்தவனைத்தான் அவருக்குத் தெரியும்.

"நான் ஒண்ணு கேட்கலாமா மேடம்?" என்றார் புது டீச்சர். மகளிடம் திரும்பினார். "என்னைப் பிடிக்கலையா உனக்கு?"

"அப்படி இல்ல டீச்சர். காந்தம் பாடம் நல்லா நடத்தினீங்க. கொஞ்சம் வேகம்."

"வேகமா?"

"பின்னாடி பெஞ்சுல பாதிப் பேருக்குப் புரியல. கேட்கப் பயம். உங்களுக்கும் பயம் போல."

"வாயை மூடு," என்றார் தலைமையாசிரியை.

புது டீச்சர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "அவ சொல்றது நிஜம் மேடம். மொத்தக் கிளாஸும் எழுந்து நின்னு என்னையே பார்க்கும்போது, என்ன ஆரம்பிக்கணும்னு வந்தேனோ அது மறந்து போகுது. இவ ஒருத்திதான் குனிஞ்சு அவ வேலையைப் பார்த்துட்டு இருக்கா. மொதல்ல அவமானமா இருந்துச்சு. நேத்து ராத்திரி யோசிச்சேன். அவ என்னைக் கேலி பண்ணல. கேலி பண்றவங்க பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. இவ சிரிக்கல. உட்கார்ந்திருக்கட்டும் மேடம்."

"இன்னிக்கு ஒருத்தியை விட்டா நாளைக்கு எல்லாரும் உட்காருவாங்க."

"உட்கார்ந்தா பாடத்தை ஆரம்பிச்சுடுவேன்."

தலைமையாசிரியை எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். சொந்தப் படையே எதிர்ப்பக்கம் போய்விட்ட தளபதியின் முகம். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நான் ரவுண்ட்ஸ் வந்தா?" என்றார் மகளிடம். "அப்பவும் மகாராணி உட்கார்ந்தே இருப்பீங்களா?"

"உங்களுக்கு எழுந்திருப்பேன் மேடம்."

"நிச்சயமா?"

"நீங்க வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே எழுந்துடுவேன்."

தலைமையாசிரியையின் முகம் தளர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "அது. அந்த மரியாதை தெரிஞ்சிருக்குல்ல. போ, கிளாஸுக்குப் போ." பிறகு என்னிடம், "உங்ககிட்ட நான் இதை எதிர்பார்க்கல சார்," என்றார். நானும்தான்.

வராந்தாவில் மகள் எனக்கு முன்னால் நடந்தாள். படிக்கட்டருகே நின்றாள்.

"பொய் சொல்லிட்ட."

"ஆமா."

"வேற வேலை இல்லன்னதும் பொய்."

"ஆமா."

"'எங்க வீட்டு விஷயம்'னு சொன்ன பாரு, அது நல்லா இருந்துச்சு. தினமும் விடுவேன், தினமும் விடுவேன்னு சொன்னதுதான் கொஞ்சம் சினிமா."

"அடுத்த தடவை குறைச்சுக்கறேன்."

"அடுத்த தடவை எதுக்கு? இப்பதான் முடிஞ்சுச்சு." பையைத் தோளில் ஏற்றினாள். "சாயங்காலம் கரெக்டா வா. மாமாவை அனுப்பாத."

மணி அடித்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

நான் வேலைக்குப் போயிருக்க வேண்டும். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றிருந்தது, போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை. வராந்தா வழியே கோடி அறைவரை போய், ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

புது டீச்சர் என்னைக் கடந்து உள்ளே போனார். பெஞ்சுகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. மொத்தக் கிளாஸும் எழுந்து இழுத்து இழுத்து வணக்கம் சொன்னது. வெள்ளைச் சட்டை முதுகுகள் ஜன்னலை நிறைத்தன. அவற்றுக்கு நடுவே எங்கேயும் என் மகள் தெரியவில்லை.

"உட்காருங்க," என்றார் டீச்சர்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் அவள் தலை தெரிந்தது. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.