பலகை வரைக்கும்

தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். முன்பெல்லாம் அது பந்தயத்துக்கான மௌனம். மார்ச்சுக்குப் பிறகு அது பஸ்தியேனுக்கான மௌனம் ஆகிவிட்டது.

லோபியாக் ஊர் சைக்கிள் சங்கத்தில் எழுதிவைக்காத விதி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை எந்த மேட்டில் ஏறி எந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி வந்தாலும், திரும்பும்போது தொட்டியிலிருந்து ஊர்ப் பெயர்ப்பலகை வரைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் மிதிக்க வேண்டும். முதலில் பலகையைத் தாண்டுகிறவருக்குச் சந்தை மண்டபத்துக்கு எதிரே இருக்கும் காபிக்கடையில் கைவைத்த நாற்காலி. அங்கே அப்படி ஒன்றுதான் உண்டு. கடைசியாக வருகிறவர் உள்ளே போய் எல்லோருக்கும் காபி எடுத்துவர வேண்டும்.

நாற்காலி பெரும்பாலும் மயிலீஸுக்கு. காபி எப்போதும் அவள் கணவன் பஸ்தியேன் எடுத்துவருவான்.

மார்ச் மாதம் மயிலீஸ், தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில் இறந்தாள். தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சில வாரம் கழித்துப் பஸ்தியேன் மறுபடி சங்கத்தோடு வரத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைக் காலையை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அன்று தொட்டியைத் தாண்டியும் யாரும் வேகம் எடுக்கவில்லை. அவனை நடுவில் விட்டு, சவ ஊர்வலம் மாதிரி பலகையைக் கடந்தார்கள். கடையில் கைவைத்த நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்கள். சங்கத் தலைவர் கில்பேர், ஊர்க் கறிக்கடைக்காரர், தன் பெரிய கைகளில் தானே காபித் தட்டை ஏந்தி வந்தார். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

இப்போது செப்டம்பர். சூரியகாந்திகள் கறுத்துத் தலை கவிழ்ந்து நின்றன. அறுவடை முடிந்த வயல்களில் காக்கைகள். இத்தனை மாதத்தில் ஒருவர்கூட அவனை டிராக்டர் என்று கூப்பிடவில்லை.

டிராக்டர் என்பது அவனுக்கு அவர்கள் வைத்த பெயர். சத்தம் அதிகம், வேகம் குறைவு. அவன் பலகையைத் தாண்டும்போது கில்பேர் காபிக்கடையிலிருந்தே, "டிராக்டர் வருது, கோழியெல்லாம் ஓரங்கட்டுங்க!" என்று கத்துவார். அது மறுபடி வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. பந்தயம் வேண்டும். தன்னைப் பின்னால் விட்டுவிட்டு அவர்கள் போக வேண்டும். வேறு எதையும் அவன் இந்த ஆறு மாதத்தில் விரும்பவில்லை. பசிகூட இல்லை. ஆனால் இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியருகே அவனே எழுந்து நின்று மிதித்தான்.

ஒருவர் கிளம்பினால் மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. பின்னால் கியர் விழும் சத்தம் கேட்டது. அவனுக்குள் ஏதோ நிமிர்ந்தது. பிறகு வேறு சத்தம். டிக் டிக் டிக். மிதிக்காமல் உருள விடும் சக்கரத்தின் சத்தம். குனிந்து அக்குளுக்கு அடியில் பின்னால் பார்த்தான். கில்பேர் நிமிர்ந்து உட்கார்ந்து, சந்தைக்குப் போகிறவர் மாதிரி வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மகாலி. மயிலீஸைத் துரத்தித் துரத்தி அரைச் சக்கர இடைவெளியில் தோற்றவள். அவள் காலும் அசையவில்லை.

பலகையை முதலில் தாண்டினான். இரண்டு குளிர்காலத்துக்கு முன் விவசாயிகள் போராட்டத்தில் தலைகீழாகத் திருப்பி மாட்டிய பலகை. யாரும் நேராக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அதை அவன் முதல் ஆளாகத் தாண்டினான். வாயில் உலோகச் சுவை.

"அடேங்கப்பா! டிரா..." என்று ஆரம்பித்த கில்பேர் நிறுத்திக்கொண்டார். "பஸ்தியேன்! எங்கிருந்துப்பா வந்துச்சு இந்த வேகம்?"

ஒதீல் கை தட்டினாள். தபால் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவள். அறுபதைத் தாண்டியும் மேட்டில் இளவட்டங்களுக்குச் சளைக்காதவள்.

"உக்காரு தம்பி. இந்தத் தடவ ஜெயிச்சே வாங்கிட்ட" என்று காபிக்கடையில் கைவைத்த நாற்காலியை இழுத்தார் கில்பேர்.

"நான் ஜெயிக்கல. நீங்க மிதிக்கல."

"யாரு மிதிக்கல? முட்டி விட்டுருச்சுப்பா. வயசு ஆகுதுல்ல?"

"உங்களுக்கு மூச்சே வாங்கல, கில்பேர்."

"அது அதிசயந்தான்" என்றாள் ஒதீல். "இந்த மனுஷனுக்குப் படுக்கையில திரும்பிப் படுத்தாலே மூச்சு வாங்கும்."

"அத நீ எப்பப் பாத்த?"

"உன் பொண்டாட்டி ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறாளே."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பஸ்தியேனைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

அவன் கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்தான். கைவைத்தது காலியாக இருந்தது. ஊரின் பழைய கோட்டைச் சுவரைப் படம் எடுக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அதன் முதுகில் கை வைத்து, "இது காலியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, ஆள் வருவாங்க" என்றார் கில்பேர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் அவர் கடையில் தொங்கும் இறைச்சியின் நிறத்துக்குப் போனது. பஸ்தியேன் எழுந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஊர் வாசலைத் தாண்டியதும் பின்னால் செயின் சத்தம்.

"நில்லுடா."

நிற்கவில்லை. மகாலி சிரமமே இல்லாமல் பக்கத்தில் வந்துசேர்ந்தாள். கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். பன்றிகளைப் பிடித்துப் பழகிய தோள்கள்.

"கோவமா?"

"இல்ல."

"கோவப்பட்டாக்கூடப் பரவாயில்ல. மயக்க ஊசி போட்ட கன்னுக்குட்டி மாதிரியே பாத்துட்டு இருக்க."

ஓக் மரக்காட்டின் பக்கம் வேட்டைத் துப்பாக்கி வெடித்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, "அடுத்த வாரம் தொட்டிகிட்ட நீ கிளம்பிப் போ" என்றான்.

"மாட்டேன்."

"ஏன்?"

"இப்ப நான் ஜெயிச்சா, அவ செத்ததால கெடச்ச நாற்காலி அது. எனக்கு வேணாம்."

"அவ இருக்கும்போதே நீ ரெண்டு தடவ ஜெயிச்சிருக்க."

"மூணு" என்றாள் மகாலி. மூக்கைக் கையுறையில் துடைத்தாள். "மூணாவது தடவ அவளுக்குச் சளி பிடிச்சிருந்துச்சு. அத அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிக் காட்டினா."

"வீட்லயும் சொல்லுவா."

"சரி, நான் கிளம்பிப் போறேன்னு வை. உனக்கு என்ன கெடைக்கும்? தோத்துத்தான் போவ."

"தோக்கணும். எல்லாரும் என்னை விட்டுட்டுப் போகணும்."

"எதுக்குடா?"

"கில்பேர் காபி எடுத்துட்டு வந்தா ஆறிப்போயிடுது" என்றான்.

"நல்லாச் சொன்ன, டிராக்டர்."

சொல்லிவிட்டு மகாலி திடுக்கிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூடுபனி கலைய நேரமானது. திராட்சைத் தோட்டங்களின் வழியாகப் போய், ஆற்றுப் பாலத்தில் திரும்பினார்கள். மகாலி அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தொட்டி தெரிந்ததும் வழக்கம்போல எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். தொட்டியைத் தாண்டினார்கள். யாரும் அசையவில்லை. நடக்காது, இனி இப்படித்தான் என்று பஸ்தியேன் நினைத்தான்.

கியர் விழுந்தது.

மகாலி தலையைக் கவிழ்த்து, இடது ஓரமாகப் பாய்ந்து வெளியேறினாள்.

"ஏய்! மகாலி! உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார் கில்பேர். அடுத்த நொடி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அவரும் எழுந்து மிதித்தார். அவர் முட்டிக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. மற்றவர்களும் பாய்ந்தார்கள். ஒதீல் மட்டும் தயங்கித் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாக்கறீங்க? போங்க ஒதீல்!"

"போறேன்டா. புழுதியத் தின்னுட்டு மெதுவா வா!"

அவனும் மிதித்தான். பொய்யாக அல்ல, தன்னால் முடிந்த மட்டும், நெஞ்சு எரிய மிதித்தான். இடைவெளி கூடிக்கொண்டே போனது. வால்நட் மரத்தடி வளைவில் முதலில் மகாலி மறைந்தாள், பிறகு ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசியில் ஒதீலின் மஞ்சள் முதுகும் போனது.

சாலை காலியானது.

இந்தக் காலிச் சாலையை அவனுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து மார்ச் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் இதில் தனியாகத்தான் வந்திருக்கிறான். தன் மூச்சுச் சத்தம், ஈர மண் வாசனை, எதிரே மேட்டில் பழைய மதில். மயிலீஸ் கண்ணுக்குத் தெரியமாட்டாள். வளைவுக்கு அப்பால் இருப்பாள். பலகையைத் தாண்டியிருப்பாள். நாற்காலியில் கால் நீட்டி, நெற்றியில் முடி ஒட்டியிருக்க, "எங்கடா என் காபி?" என்று கேட்கத் தயாராக இருப்பாள். இங்கே அவளைப் பார்த்தாக வேண்டிய அவசியமே இருந்ததில்லை. முன்னால் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

இன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவன் மிதிப்பதைக் குறைத்தான். வளைவைத் தாண்டிய ஏற்றத்தில் கீழே விழாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் மிதித்தான். பின்னால் வந்த கார் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிச் சென்றது. தலைகீழ் பலகைக்கு ஒரு முழம் முன்னால் காலை ஊன்றி நின்றான். மதிலின் கல்லிடுக்கில் பல்லி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பலகையைத் தாண்டினால் முடிந்துவிடும். தாண்டாமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று யோசித்தான்.

ஊருக்குள்ளேயிருந்து கில்பேரின் குரல் வந்தது. மூச்சு வாங்கியபடி, பாதி பயத்தோடு, ஆனாலும் உரக்க.

"டிராக்டர் எங்கப்பா? வயல்ல எறங்கிருச்சா?"

பஸ்தியேன் காலை எடுத்து மிதித்தான்.

கைவைத்த நாற்காலியில் மகாலி இருந்தாள். முழங்காலில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தாள். முதுகு ஏறி இறங்கியது. அவனைப் பார்த்ததும் யாரும் கை தட்டவில்லை. "நாக்கு வறண்டு போச்சு, சீக்கிரம் போ" என்றாள் ஒதீல்.

அவன் உள்ளே போனான். கடைக்காரர் கோப்பைகளைத் தட்டில் வைத்தார். ஜெயித்தவரின் கோப்பைக்கு அருகில் வைக்க இரண்டு சர்க்கரைக் கட்டிகளைக் கை தானாக எடுத்தது. அது மயிலீஸின் கணக்கு என்று எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. வாசல் பக்கம் திரும்பினான்.

"மகாலி, சர்க்கரை எத்தன?"

"எனக்கு வேணாம்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

கட்டிகளைச் சட்டையின் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, தட்டைத் தூக்கினான்.