தனி மேசை

பெந்தோட்டையில் அன்று காலையிலிருந்தே மழை. கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்ததால் யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. மழைக்காலத்தில் ஹோட்டலில் கூட்டம் இராது, அறையும் மலிவு என்பதற்காகவே பிலோமினா வருஷாவருஷம் இந்த மாதத்தில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

குடும்பம் என்றால் அவளும், புருஷன் அன்சலமும், மருமகள் இரேஷாவும், ஐந்து வயதுப் பேத்தி தருளியும்தான். ஒரே மகன் டிலான் மூன்று வருஷத்துக்கு முன்னால் சிலாபம் வீதியில் மோட்டார் சைக்கிளோடு லொறிக்கு அடியில் போய்விட்டான். அதற்குப் பிறகும் இரேஷா வென்னப்புவையில் மாமனார் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

இந்தத் தடவை அவள் ஒரு விஷயத்தை மனதில் அடக்கிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்துக் கோயில் பங்கைச் சேர்ந்த ஜூட், இத்தாலியில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவன், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். அவளும் சரியென்று சொல்லியிருந்தாள். வீட்டில் வைத்துச் சொன்னால் மாமி ஊரையே கூட்டிவிடுவாள். வெள்ளைத் துணி விரித்த மேசையில், நாலு பேர் பார்க்கிற இடத்தில், குரலை உயர்த்த மாட்டாள். அந்த நம்பிக்கையில்தான் கடைசி நாள் இரவுச் சாப்பாடு வரைக்கும் இரேஷா வாய் திறக்காமல் இருந்தாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் பாதி விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள். நண்டுக் கறியும் இறாலும் ஆவி பறந்துகொண்டிருக்க, அன்சலம் தட்டு நிறைய முட்டை அப்பத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு தூரம் வந்து அப்பத்தைத் தின்னுறார் பாரு மனுசன்," என்றாள் பிலோமினா. "வீட்டில நான் சுட்டா கருகிப் போச்செண்டு மூஞ்சியைச் சுழிப்பார்."

"இங்க சுடுற ஆள் என்னோட சண்டை பிடிக்கிறதில்லை."

தருளி விழுந்து விழுந்து சிரித்தாள். பிலோமினாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேத்திக்காக இறாலின் ஓட்டை உரிக்கத் தொடங்கினாள். "இவளுக்குக் கோயில்ல முதல் நன்மை குடுக்கேக்க விருந்தை இங்கயே வைப்பம். என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்று மருமகளைக் கேட்டாள்.

இரேஷா மகளிடம் திரும்பினாள். "தருளி, அங்க போய் அப்பம் சுடுற ஆளைப் பாத்திட்டு வாங்கோ," என்று பிள்ளையை அனுப்பினாள். பிறகு சொன்னாள்: "மாமி, அடுத்த வருஷம் நாங்கள் இங்க இருக்க மாட்டம். ஜூட் என்னைக் கேட்டவர். நான் ஓம் எண்டு சொல்லிட்டன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போறன்."

பிலோமினா கையிலிருந்த இறாலை உரித்து முடித்து, அதைப் பேத்தியின் தட்டில் வைத்தாள்.

"உனக்கு எங்கட வீட்டில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை மாமி." அது உண்மை. குறையென்று ஒன்றாவது இருந்திருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப போ. உன்னைப் பிடிச்சு வைக்க எனக்கு ஏலாது. பிள்ளையை விட்டிட்டுப் போ."

"அது ஏலாது மாமி."

"அவள் என்ர மகன்ர பிள்ளை."

"என்ர பிள்ளையும்தானே."

அன்சலம் அப்பத்தைப் பிய்ப்பதை நிறுத்தினார். "பிலோ, அவளை விடு. அந்தப் பெடியன்ர தகப்பன் தவக்காலத்திலயே என்னட்ட வந்து கேட்டவர். நான்தான் சம்மதிச்சனான்."

இரேஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்கே புதுச் செய்தி. ஜூட்டும் சொல்லவில்லை, மாமாவும் காட்டிக்கொள்ளவில்லை.

"தவக்காலத்தில," என்றாள் பிலோமினா. "அண்டையில இருந்து இத்தனை மாசமும் ஒண்டும் தெரியாத மாதிரி என்னோட ஒரே மேசையில இருந்து திண்டிருக்கிறியள்."

"உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. அவள் எங்களுக்குக் கஞ்சி வச்சே கிழவியாகிறதோ, சொல்லு?"

பிலோமினா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். காலியாகக் கிடந்த மேசைகளைத் தாண்டி, கடல் பக்கத்து ஓரத்தில் தனியாகக் கிடந்த மேசையில் போய் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர் ஓடிப்போய், "அம்மா, அங்க சாரல் அடிக்கும்," என்றார்.

"அடிக்கட்டும்."

இரேஷா எழப்போனாள். அன்சலம் அவள் கையைப் பிடித்தார். "இப்ப போகாத பிள்ளை. போனா எழும்பி அறைக்குப் போயிடுவா. முதல்ல சாப்பிடட்டும்."

கிற்றாரோடு மேசை மேசையாகப் போய்ப் பாடுகிற மூன்று பேர் அந்த நேரம் பார்த்து வந்தார்கள். தனியாக இருந்த அம்மாவைக் கண்டு, பாவம் என்று நினைத்தார்களோ என்னவோ, அங்கேயே நின்று துள்ளலான பைலாப் பாட்டொன்றைப் பாடினார்கள். பிலோமினா தலை நிமிரவே இல்லை. பாட்டு முடியும்வரை குனிந்தபடி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தருளி சூடான அப்பத்தோடு வந்து, அப்பம்மாவைத் தேடி அந்த மேசைக்கே ஓடினாள். அவளை மடியில் இருத்தி, ஊதி ஊதி ஊட்டினாள் பிலோமினா. இந்தப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் ஊர் திரும்பும் வேனில் சாரதிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு மருமகளிடம் சண்டைக்கே போகவில்லை. மார்கழியில் பயண நாள் வந்தபோது தருளிக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வந்தவளும் அவள்தான். "அங்க குளிர். பிள்ளைக்குச் சளி பிடிச்சா நெஞ்சில எண்ணெய் தடவு," என்று மட்டும் சொன்னாள். விமான நிலையத்துக்கு வரவில்லை. புருஷனோடு அந்த இரவு பேச்சை நிறுத்தியது நிறுத்தியதுதான்.

மிலானிலிருந்து ஞாயிறுதோறும் இரேஷா அந்த ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போனில் அழைக்க வேண்டியிருந்தது. அன்சலம் வாசலிலிருந்து பேசுவார். பிலோமினா குசினியில் அடுப்படியிலிருந்து பேசுவாள். "மாமா சுகமோ?" என்று கேட்டால், "இருக்கிறார்," என்பாள்.

முதல் பனி பெய்த கதையை அப்பப்பாவிடம் ஒரு மணி நேரமாகச் சொல்லிக் களைத்துப்போன தருளி, அடுத்த அழைப்பில் கொட்டாவி விட்டாள். "நான் அப்பப்பாட்ட எல்லாம் சொல்லிட்டன். நீங்கள் அவரிட்டக் கேளுங்கோ அப்பம்மா."

இதற்காகவாவது மாமி அவரோடு பேசுவாளோ என்று இரேஷா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இல்லை ராசாத்தி," என்றாள் பிலோமினா. "எனக்கு நீயே சொல்லு."