இருபது சுற்று

அட்ராக்டா கோகன் வீட்டுக்குப் பதினோரு வருஷம் தண்ணீர் சுமந்தவன் நான். செவ்வாயும் வெள்ளியும், வேலை முடிந்த பிறகு, வேனில் நான்கு நீலக் கேன்கள். நான் குழாய் வேலை பார்க்கும் கவுன்சிலில் யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். செய்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

நாக்கவீல் மலையில் குழாய் போய் முடிகிற கடைசி வீடு அவளுடையது. வழியில் இருக்கும் இரண்டு வீடுகள் தலைநகர் டப்ளின்காரர்களுடையவை. ஆகஸ்டில் பத்து நாள் வந்து போவார்கள், குழாயில் என்ன வருகிறது என்று கவலைப்படமாட்டார்கள். அட்ராக்டா வீட்டுச் சமையலறைக் குழாயில் நூல் மாதிரி வரும். கோடையில் அதுவும் வராது. "மேடும்மா. குழாயும் உங்க மாமனார் காலத்துது, உள்ள துரு அடைச்சுக்கிச்சு" என்று சொல்லி வைத்திருந்தேன். முப்பது வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவன் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

அவள் புருஷன் ஃபெஸ்டிக்குப் பக்கவாதம் வந்தபோது, மடக்கு நாற்காலி வைத்த ஒரு ஷவரை அரசாங்க உதவியில் அமைத்துக் கொடுத்தார்கள். ஃபெஸ்டி மீன்பிடிப் படகில் இருந்த மனுஷன், வெந்நீரில் நின்று குளிப்பதுதான் அவனுக்குச் சொர்க்கம். ஷவரைத் திறந்தால் நாலு சொட்டு விழுந்தது. ஐந்து வருஷம் அவள் அவனை என் கேன் தண்ணீரைக் காய்ச்சி, துணியால் துடைத்துத்தான் விட்டாள். போன பிப்ரவரியில் செத்துப்போனான். அடக்கப் பூசையில் அவள் பீடத்தருகே நின்று, "எங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்த கோல்மன் ருவானுக்கு நன்றி" என்றாள். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிவாம்!

இதற்கிடையில், முப்பத்தொரு கவுன்சில்கள் பார்த்துவந்த தண்ணீர் வேலை முழுவதும் ஒரே தேசிய நிறுவனத்துக்குப் போகிறது என்று முடிவாகிவிட்டது. நாங்கள் அங்கே போகலாம், இல்லையென்றால் கவுன்சிலிலேயே தார் ஊற்றும் வேலைக்கு மாறிக்கொள்ளலாம். கேன்டீனில் தொழிற்சங்கக் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து வாய் கிழியப் பேசினேன்.

"டப்ளின்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறவனுக்கு நம்ம ஜனங்களைத் தெரியுமா? நாக்கவீல்ல ஒரு கிழவி தனியா இருக்கான்னு தெரியுமா? அவ வீட்டுக்கு எவன் கேன் தூக்கிட்டுப் போவான்? வால்வு ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு இதோ, இந்த மண்டையில இருக்கு!"

"போதும்ப்பா கோல்மன்," என்றான் என்னோடு வேலை பார்க்கும் ஜார்லத். "கேனும் கையுமா உனக்குச் சிலை வெச்சுடறோம், உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கையும் தட்டினார்கள். பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மே மாதம் நிறுவனத்திலிருந்து ஓர்லா டிவேன் என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். என் மகள் வயது. என் மண்டையில் இருக்கிற வால்வுகளையெல்லாம் அவளுடைய வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, எத்தனை சுற்று என்று குறிப்பாள். மூன்று நாள் சுற்றினோம். எங்கே என்ன இருக்கிறது என்று நான் வேனில் உட்கார்ந்தபடியே சொன்னதைப் பார்த்து அசந்துபோனாள்.

நான்காம் நாள் நாக்கவீல் சாலை. மழை தூறிக்கொண்டிருந்தது. இரும்பு தேடும் கருவியை அவள் தரையோடு ஆட்டிக்கொண்டே போனாள். முள்மரத்து வளைவில் அது கத்தியது.

"கோல்மன், இங்க ஒண்ணு இருக்கே. நீங்க சொல்லவே இல்லையே?"

அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு நவம்பர் ஞாயிறு, அந்த வளைவுக்கு மேலே குழாய் உடைந்தது. வளைவில் இருந்த வால்வை மூடி, உடைப்பை ஒட்டினேன். அதன்பிறகு வால்வை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. இரண்டு சுற்று திறந்து, உள்ளே மாட்டிய காற்றை மெல்ல வெளியேற விட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து மீதியைத் திறக்க வேண்டும். இரண்டு சுற்று திறந்தேன். அன்று எங்கள் ஊர் அணிக்கு இறுதி ஆட்டம். ஒரு மணி நேரம்தானே என்று மதுக்கடைக்குப் போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஜெயித்தோம். ஜெயித்தால் யார் எழுந்து போவார்கள்? அடுத்த வாரம் சாலைக்காரர்கள் வந்து அந்த வால்வுக்குழி மூடியின் மேலேயே தாரை ஊற்றிவிட்டார்கள்.

சுத்தமாக மறந்துவிட்டேன் என்றாவது சொல்லலாம். அதுவும் முழு உண்மை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, கேன்களோடு அந்த வளைவைக் கடக்கும்போது, 'அந்த வால்வைத் திறந்தோமா?' என்று ஒரு நினைப்பு வந்தது. தாரைத் தோண்டினால் ஏன் என்று கேட்பார்கள். ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டு மேலே ஓட்டினேன்.

ஓர்லா தாரைக் கொத்தி மூடியைத் தூக்கினாள். நீளக் கம்பியை உள்ளே விட்டு, எண்ணிக்கொண்டே மூடினாள். "ஒண்ணு, ரெண்டு." நின்றுவிட்டது. பிறகு கம்பியை என்னிடம் கொடுத்தாள். நான் திறந்தேன். முதலில் மூடிய இரண்டு சுற்று. அதற்குமேல் இன்னும் இருபது. அடியில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடுவது கால் வழியாகத் தெரிந்தது.

"கடைசியா யாரு தொட்டது?"

"நான்தான்."

என் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. "துருவுல இறுகியிருந்துச்சுன்னு போட்டுடறேன். ஊர் ஊருக்கு இப்படித்தான் இருக்கு, விடுங்க" என்றாள். அவள் இரக்கப்பட்டது எனக்கு அறைந்த மாதிரி இருந்தது.

பத்து நிமிஷத்தில் அட்ராக்டா, வீட்டுக்குள் போடும் செருப்போடே சாலையில் ஓடிவந்தாள். எழுபத்தாறு வயது. முன்கையெல்லாம் ஈரம்.

"ஏம்மா, நீ கம்பெனிக்காரிதானே? என்ன பண்ணின? குழாய் அடிக்கிற வேகத்துல கப்பு கவுந்துடுச்சு! வந்த நாலே நாள்ல! கோல்மன், பாத்தியா, உன் வேலை போச்சுப்பா!" சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நீ செஞ்சத சாகறவரைக்கும் மறக்கமாட்டேன். உள்ள வாங்க ரெண்டு பேரும், டீ போடறேன்."

ஓர்லா வேலை இருக்கிறதென்று நழுவிவிட்டாள். நான் மட்டும் போனேன். வீட்டுக்குள் ஷவர் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மடக்கு நாற்காலியில் தண்ணீர் விழுந்து தெறித்தது. அவள் கதவருகே நின்று அதைப் பார்த்தாள்.

"ஃபெஸ்டி இருந்திருக்கணும்," என்றாள்.

அப்போது சொல்லிவிட்டேன். நவம்பர், இரண்டு சுற்று, ஆட்டம், ரேடியோ, எதையும் விடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அவள் ஷவரை மூடினாள். வீடு அமைதியானது.

"திறக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்," என்றாள். "கோயில்ல உன் பேரைச் சொன்னேனே. தலையக் குனிஞ்சிக்கிட்டியே. அப்பத் தெரியுமா உனக்கு?"

"தெரிஞ்சுக்காம இருந்தேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். டீ போடவில்லை.

"வாசல்ல உன் கேன் இருக்கு. எடுத்துட்டுப் போ."

மூன்று கேன்கள் காலி. நான்காவது கேன் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தது, நிறைந்திருந்தது. அதை விட்டுவிட்டு நகர்ந்தேன்.

"அதையுந்தான், கோல்மன்."

குனிந்து தூக்கினேன். பதினோரு வருஷம் அந்த வீட்டுக்குள் தண்ணீர் சுமந்தவன், முதல் தடவையாக அங்கிருந்து தண்ணீரை வெளியே சுமந்துகொண்டு வந்தேன். நான் வேனுக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.