எட்டுப் பேர் மேஜையில் புதினா வாசம்

சியோலின் மாங்வோன் சந்தைக்குப் பின்தெருவில் இப்போது காப்பிக்கடையைத் தவிர வேறு கடை இல்லை என்றே சொல்லிவிடலாம். ஜெராக்ஸ் கடை காப்பிக்கடை ஆயிற்று, சலூன் காப்பிக்கடை ஆயிற்று, சாவி செய்கிறவர் உட்கார்ந்திருந்த பொந்துகூடக் காப்பிக்கடை ஆயிற்று. குடிக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எந்த மலை, எவ்வளவு உயரம், யார் தோட்டம் என்று ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள்.

தக் இன்-சிக் அந்த ரகம் இல்லை. முப்பத்தோரு வருஷம் சியோலில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரையும் பால்பொடியும் கலந்து வரும் பாக்கெட் காப்பிதான் அவருக்குப் பிடிக்கும். ஆனாலும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு நாரே என்ற பெண் தன் கடையில் நடத்தும் ருசிபார்க்கும் கூட்டத்துக்கு ஒரு வருஷமாகத் தவறாமல் போய்க்கொண்டிருந்தார். மனைவி சூன்-தோக் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். வாரம் முழுக்க அவரிடம் பேசுகிற ஒரே குரல், லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரல். சனிக்கிழமை மட்டும் ஏழு பேர் "வாங்க பஸ் சார்" என்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர், அவ்வளவுதான். வயது என்ன, வேலை என்ன, வீட்டில் யார் யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதுதான் நாகரிகமாம். முன்பெல்லாம் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். காப்பிப் பித்து ஊரைப் பிடித்த பிறகு, எட்டு இடத்துக்கு அடிதடி. புதன்கிழமை பத்து மணிக்குப் போனில் பதிவு தொடங்கினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். இன்-சிக் ஒன்பதரைக்கே விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த இடமும் போனால் அவருக்கு வாரத்தில் வேறு ஒன்றுமில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் முதுகு பிடித்துக்கொண்டது. முதுகுவலிப் பிளாஸ்திரி வீட்டில் இருந்தது, ஒட்டிவிட ஆள் இல்லை. தோள்பட்டைகளுக்கு நடுவே யாருக்குத்தான் கை எட்டும்? பசைப்பக்கம் மேலே இருக்கும்படி பிளாஸ்திரியைத் தரையில் வைத்து, குறி பார்த்து, அதன்மேல் மல்லாந்து படுத்தார். அது கோணல்மாணலாகப் பிடரிக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. செண்ட் போட்டு வருகிறவர்களை நாரே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பிளாஸ்திரியைப் போய் யார் செண்ட் என்பார்கள்? மனிதர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைக்குள் வெந்நீர்ச் சூடு. மஃப்ளரைக் கழற்றிவிட்டு மேஜையில் வரிசையாக இருந்த காப்பிக் கிண்ணங்களில் மூன்றாவதன் முன்னால் நின்றார். மற்றவர்கள் அவர் முதுகை உரசிக்கொண்டு வந்து, குனிந்து மோந்து, கரண்டியால் சர்ரென்று உறிஞ்சினார்கள். மதிப்பெண் எழுதி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் முயல் என்ற பட்டப்பெயர்க்காரி கத்தினாள்.

"மூணாம் நம்பர்ல புதினா!"

"புதினாவா? நான் யூகலிப்டஸ்னு எழுதியிருக்கேன்" என்றான் குடை என்கிறவன்.

"எனக்கும் வந்துச்சு! காப்பில இப்படி ஒரு குளிர்ச்சியை நான் பார்த்ததே இல்ல. இருங்க, இப்பவே நாலு மூட்டை சொல்லிடறேன்" என்று நாரே போனை எடுத்தாள்.

இன்-சிக் கையைப் பிடரிக்குக் கொண்டுபோனார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் பிழைக்கும். ஆனால் நாலு மூட்டை அந்தப் பெண் தலையில் விழுமே.

"பொறும்மா நாரே. அது காப்பி இல்ல. என் முதுகு."

காலரை இறக்கிக் காட்டினார். கடையே இடிந்து விழுகிற சிரிப்பு.

"யூகலிப்டஸ்னு எழுதினவன் எங்க போய் முட்டிக்கிறது சார்?"

நாரே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது என்ன சார், இப்படி ஒட்டியிருக்கு? வீட்டம்மா கோவத்துல அறைஞ்ச மாதிரில்ல இருக்கு!"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் வீட்டைப் பற்றி வந்த முதல் பேச்சு இது. உண்மை வாய்வரை வந்தது. சொன்னால் இந்தச் சிரிப்பு அடங்கிவிடும்.

"அவ அப்படித்தாம்மா. நேத்து குறட்டை விட்டேனாம், அந்தக் கோவம்."

"நம்ம காப்பி குடிப்பாங்களா சார்?" என்றாள் முயல்.

"நல்லா குடிச்சா! ஒரு தடவை வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். எனக்கென்ன காய்ச்சலா, கஷாயம் தர்றன்னு கேட்டா."

இன்-சிக் பேசினார், இருபது நிமிஷம் பேசினார். சூன்-தோக் அவர் பஸ்ஸிலேயே ஏறி, சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, "மாட்டு வண்டியா ஓட்டற?" என்று திட்டுவாள். கானாங்கெளுத்தி விற்பவளிடம் பேரம் பேசி, கடைசியில் அழுவது மீன்காரியாகத்தான் இருக்கும். யாரும் போனைப் பார்க்கவில்லை. அவள் வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கே தோன்றிவிட்டது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

நாரே வாசல்வரை வந்தாள். "அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வரணும். நீங்க பதிவு பண்ணவே வேண்டாம், ரெண்டு இடம் நானே எழுதி வெச்சுடறேன்."

"அதுக்கென்னம்மா" என்றார்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே போனில் கூட்டத்தின் குழுவில் நாரேயின் செய்தி வந்துவிட்டது. சனிக்கிழமை, பதினொரு மணி, பஸ் சாருக்கும் அம்மாவுக்கும் இரண்டு இடம். கீழே ஏழு பேரும் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். இன்-சிக் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றார். தனியாகப் போனால் அவங்க எங்கே என்று கேட்பார்கள். அதற்கடுத்த வாரமும் கேட்பார்கள். எத்தனை வாரம் அவளுக்கு ஜலதோஷம் என்று சொல்வது? அவளை இன்னொரு தடவை சாகக் கொடுக்க அவருக்குத் தெம்பில்லை.

"நாங்க ரெண்டு பேரும் ஊரை விட்டே போறோம்மா. இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்று எழுதி அனுப்பினார்.